போயிட்டு வாரேன் என்று சொல்லிப் போனவன்

செல்போனில் வந்த குறுஞ்செய்தியைப் பெல்சி சலவை அறையில் நின்றபடியே படித்தாள். கையில் பாதி மடித்த பெட்ஷீட் இருந்தது. கணவனால் கைவிடப்பட்ட பெண் என்று சான்று கேட்டு அவள் போட்டிருந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டதாம். காரணம் எதுவும் போடவில்லை. முடியாது என்கிற சேதியை மட்டும் அரசாங்கம் வீடு தேடி அனுப்பிவிடும். ஏன் முடியாது என்று தெரிந்துகொள்ள நாம்தான் கூலியை விட்டுவிட்டு அலைய வேண்டும்.

அவள் வேலை பார்ப்பது ஆத்தங்குடிப் பக்கம், பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றிய இடத்தில். வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்குவார்கள், தூணைத் தடவிப் பார்ப்பார்கள், தரையைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்கள் படுத்து எழுந்த துணியெல்லாம் பின்கட்டுக்கு வரும். துவைக்க மிஷின் உண்டு. இஸ்திரிப் பெட்டி போடுவதும் மடிப்பதும் பெல்சி. அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, மடிப்புதான் விறைப்பாக விழும். அன்றைக்கு அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு மேனேஜர், இன்றைக்கு வேலை ரொம்ப சுத்தம் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் இ-சேவை மையத்துக்குப் போனாள். அதை நடத்துகிற ஜனனி, பெல்சியை விடச் சின்னவள், எம்.காம். படித்தவள். விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்தவள் திரையில் இருந்ததை முதலில் மனதுக்குள் படித்தாள். பிறகு தயங்கித் தயங்கி வாய்விட்டுப் படித்தாள். "கணவர் திரும்பி வருவதாகக் கூறிச் சென்றிருப்பது விசாரணையில் தெரிய வருகிறது. எனவே மனுதாரரைக் கைவிடப்பட்டவராகக் கருத இயலாது."

"நீங்க அப்படியாக்கா சொன்னீக?" என்று கேட்டாள் ஜனனி.

பெல்சிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உடம்பெல்லாம் எரிந்தது.

அவன் போன கதையைச் சொல்லிவிட வேண்டும். புருஷன் பெயர் சகாய ஆண்டனி. போர்வெல் வண்டி டிரைவர். பெல்சி அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் வந்தாக, போனாக, சொன்னாக என்று மரியாதையாகத்தான் பேசுவாள். அவள் வளர்ந்த வீட்டில் அப்படித்தான் பழக்கம். கதை சொல்கிறவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. போனான் என்றே சொல்லிவிடலாம். ஆந்திராப் பக்கம் வேலை என்று ஒரு நாள் காலையில் கிளம்பினான். மகள் மரிய அனிதா அப்போது அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே போயிட்டு வாரேன் என்றான். பெல்சி அடுப்படியில் இருந்தபடியே சரி என்றாள். அவ்வளவுதான். கொஞ்ச காலம் பணம் அனுப்பினான். அப்புறம் அது நின்றது. அப்புறம் போன் நம்பர் மாறியது. ஓசூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று அவனோடு வண்டி ஓட்டிய ஒருத்தன் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

அதையும் பெல்சி தாங்கிக்கொண்டாள். ஆனால் அனிதா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாள். சர்க்கரை என்றார்கள். சின்னப் பிள்ளைக்கு ஏது சர்க்கரை என்று பெல்சி சண்டைக்குப் போகாத குறை. அன்றிலிருந்து பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி. ஊசி மருந்து பெரியாஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும். வீட்டில் பிரிட்ஜ் இல்லாததால் ஈரமணலுக்குள் புதைத்த சின்னப் பானையில் வைத்திருந்தாள். ஆனால் எவ்வளவு மருந்து ஏற்றுவது என்று தெரிய வேண்டுமென்றால் விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கான ஸ்ட்ரிப்பை மருந்துக்கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் அந்த ஸ்ட்ரிப் முடிந்தது. பெல்சியின் சம்பளம் அரிசிக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் இழுபட்டது.

அதற்காகத்தான் அவள் கோர்ட்டுக்கே போனாள். ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பும் ஆனது, பிள்ளைக்குத் தனி, அவளுக்குத் தனி. தீர்ப்பு வந்த அன்று கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அந்தத் தீர்ப்பால் கைமாறிய காசு என்றால் அந்த மெழுகுவர்த்திக் காசு ஒன்றுதான். அவன் ஒரு மாதம்கூடக் கட்டவில்லை. வாரண்ட் போனது. 'எதிரி மேற்படி முகவரியில் இல்லை' என்று எழுதித் திரும்பி வந்தது. முகவரியில் இல்லை என்பதைச் சொல்லத்தானே அவள் கோர்ட்டுக்கே போனாள்!

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மாதான் வழி காட்டினார். தகப்பன் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவி தருகிறது, சிவகங்கை மாவட்ட ஆபீசில் போய்க் கேள் என்றார். போய்க் கேட்டாள். அங்கே தன்மையாகத்தான் பேசினார்கள். பிள்ளைக்கு நிச்சயம் கிடைக்கும், தகப்பன் கைவிட்டதற்குத் தாலுகா ஆபீஸ் சான்று மட்டும் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆக, எல்லாம் அந்த ஒரு சான்றில் வந்து நின்றது. அது கிடைத்தால் அனிதாவுக்கு ஸ்ட்ரிப் பஞ்சம் தீரும். கிடைக்காவிட்டால் ஒன்றும் இல்லை.

விசாரணைக்கு வந்தவர் வருவாய் ஆய்வாளர் கார்த்திகேய சிவம். கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர், இங்கே மாற்றலாகி வந்தவர். பைக்கை நிறுத்தி, இறங்காமலே, பெட்ரோல் டாங்கின் மேல் பேப்பரை வைத்துக்கொண்டு கேட்டார். எந்த வருஷம் போனார், என்ன வேலை, பணம் அனுப்புகிறாரா. எல்லாவற்றுக்கும் பெல்சி உள்ளபடி பதில் சொன்னாள். கடைசியில், போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டார்.

"போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போனாக சார்."

அதைத்தான் எழுதிக்கொண்டு போயிருக்கிறார் மனுஷன்.

வேறு என்ன சொல்லுவான்? கடைக்குப் போகிறவனும் அதைத்தான் சொல்கிறான், கப்பலேறுகிறவனும் அதைத்தான் சொல்கிறான். போறேன் என்று சொல்லிவிட்டு எவன் படியிறங்கியிருக்கிறான்? வாய் தவறிச் சொல்லிவிட்டால்கூட வீட்டில் இருப்பவர்கள் பதறிப்போய், போயிட்டு வாரேன்னு சொல்லு என்று திருத்துவார்கள். எழவு வீட்டில் மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவோம். இது கார்த்திகேய சிவத்துக்குத் தெரியாதா? அன்றைக்குக் காலையில் அவர் தன் வீட்டு வாசலில் என்ன சொல்லிவிட்டு பைக்கை எடுத்தாராம்?

மறுநாளே லீவு போட்டுவிட்டு அவருடைய ஆபீசுக்குப் போனாள். வாரண்ட் திரும்பி வந்த காகிதத்தையும் எடுத்துப் போனாள். ஆள் இல்லை என்று போலீசே எழுதிக் கொடுத்திருக்கிறது, இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினாள். அவர் பொறுமையாகப் படித்துப் பார்த்தார்.

"இது கோர்ட் பேப்பர்மா. இதுல ஆள் வீட்டுல இல்லைன்னுதான் இருக்கு. வரமாட்டார்னு எங்க இருக்கு?"

அதோடு விட்டாரா? அவள் பேச்சையே எடுத்து அவள் மேல் போட்டார். நீங்களே அவரைச் சொன்னாக, போனாக என்று இவ்வளவு மரியாதையாகப் பேசுகிறீர்கள், உறவு அறுந்துபோனவர்கள் இப்படியா பேசுவார்கள் என்று கேட்டார். புருஷனுடைய அண்ணன் செபஸ்தியானும் தம்பி வெளியூரில் வேலையாக இருக்கிறார், வந்துவிடுவார் என்றுதான் வாக்குமூலம் கொடுத்திருக்கிறாராம். புதிதாக விண்ணப்பம் போடுங்கள், மறுபடி விசாரிக்கிறேன் என்றார். "போயிட்டு வாங்க."

புதிதாகப் போட்டாள். மறுபடி அலைந்தாள். ஒரு நாள் அவர் மீட்டிங் போயிருப்பார். ஒரு நாள் முகாம். ஒரு நாள் வாக்காளர் பட்டியல் வேலை. ஒரு நாள் இருந்தும் சர்வர் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தர், போயிட்டு அடுத்த வாரம் வாங்க என்பார்கள். ஒவ்வொரு வாரமும் அவளும் போனாள். அந்த ஆபீசில் போயிட்டு வாங்க என்றால் திரும்பி வருவதற்கு அவள் ஒருத்தி இருந்தாள்.

கார்த்திகேய சிவம் கெட்டவர் இல்லை அக்கா, லஞ்சத்துக்குக் கை நீட்ட மாட்டார் என்று ஜனனி சொன்னாள். முன்னால் இருந்தவர் யாருக்கோ பொய்ச் சான்று கொடுத்து மாட்டிக்கொண்டாராம், அதிலிருந்து இவருக்குப் பயமாம். பெல்சிக்கு அதைக் கேட்டுத்தான் கோபம் கூடியது. கை நீட்டுகிற ஆளாக இருந்தால் காதில் கிடக்கிறதைக் கழற்றிக் கொடுத்து வேலையை முடித்திருப்பாள். இந்த மனுஷனின் நேர்மையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடவா? அவர் தன் வேலைக்குப் பயந்தார். பிள்ளையின் உயிருக்குப் பயப்பட அங்கே ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் செபஸ்தியானைப் பிடித்துக்கொண்டாள். அவர் ரிட்டயர்டு வாத்தியார். கோயிலில் முதல் வரிசை. ஊரில் நாலு பேர் வழிவிட்டு நிற்கிற மனுஷன். வாரண்டோடு வந்த போலீஸ்காரரிடம் தம்பி எங்கே இருக்கிறான் என்றே எங்களுக்குத் தகவல் இல்லை என்று சொன்னவரும் இவர்தான். தாலுகா ஆபீசில் கேட்டபோது வந்துவிடுவான் என்று சொன்னவரும் இவர்தான். இதை நினைக்க நினைக்கப் பெல்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரை அத்தான் என்று கூப்பிட்டுத்தான் பழக்கம், தலைநிமிர்ந்து பேசிப் பழக்கமில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"போலீசுகிட்ட ஒண்ணு சொன்னீக. தாலுகா ஆபீசுல ஒண்ணு சொன்னீக. எது உண்மை அத்தான்?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல பெல்சி. கைவிட்டுட்டான்னு எங்கையால எழுதிக் குடுக்கச் சொல்றியா?"

"மானம் உங்களுக்கு, ஊசி எம்புள்ளைக்கா?"

செபஸ்தியான் வேட்டியைச் சரிசெய்துகொண்டு அங்குட்டுப் போய்விட்டார்.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. துணி பெட்டி போட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. அனிதா இப்போது ஏழாம் வகுப்பு. பிரேயரில் நிற்கும்போது கை நடுங்கி, வியர்த்து, சரிந்துவிட்டாளாம். டீச்சர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக் கண் விழிக்க வைத்திருந்தார். பெல்சி போனபோது பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கப் பார்த்தாள். காலையில் பார்த்தியா, எவ்வளவு இருந்தது என்று பெல்சி கேட்டாள். பிள்ளை ஒரு எண்ணைச் சொன்னாள். சொன்ன வேகத்திலேயே பெல்சிக்குச் சந்தேகம் வந்தது.

வீட்டுக்கு வந்து ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து பார்த்தாள். இருக்க வேண்டியதற்கு மேல் இருந்தது. பல நாளாகப் பிள்ளை குத்திப் பார்க்காமலே ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி, ஒரு குத்துமதிப்பாக ஊசி போட்டிருக்கிறாள். ஏண்டி இப்படிப் பண்ணினாய் என்று கையை ஓங்கிவிட்டாள் பெல்சி.

"உடம்பு நல்லாத்தானம்மா இருந்துச்சு. எதுக்கு வீணாக்கணும்னுதான்..."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிள்ளை அழவில்லை, பெல்சிதான் அழுதாள். பத்து வயதைத் தாண்டி இரண்டு வருஷம்கூட முழுதாக ஆகாத பிள்ளை, தன் ரத்தத்தைப் பார்ப்பதை வீண் செலவு என்று கணக்குப் போட்டிருக்கிறது. அதை அதற்குச் சொல்லிக் கொடுத்தது யார்? ஓசூரில் இருக்கிறவனா, கோர்ட்டா, தாலுகா ஆபீசா, பூசையில் முதல் வரிசையில் நிற்கிறவரா? அழுது முடித்தபோது பெல்சிக்குள் இருந்த ஏதோ ஒன்று இறுகிப்போயிருந்தது. இத்தனை நாளாக எதற்கு இவ்வளவு மரியாதை என்று அவளுக்கே தெரியவில்லை.

மறுநாள் இரண்டாவது விசாரணைக்கு வரச்சொல்லி போன் வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டு, தன் கண் முன்னால் விரலைக் குத்தவைத்துப் பார்த்துவிட்டு, ஆய்வாளர் ஆபீஸ் இருக்கும் சாக்கோட்டைக்கு பஸ் ஏறினாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே போனாள்.

கார்த்திகேய சிவம் மேசைக்குப் பின்னால் இருந்தார். பக்கத்து மேசையில் ஒரு கிளார்க் அம்மா ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார். பழைய கேள்விகளையே அதே வரிசையில் கேட்டார் ஆய்வாளர். எந்த வருஷம், என்ன வேலை, பணம் அனுப்புகிறாரா. பெல்சி பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசிக் கேள்வி வந்தது. போகும்போது என்ன சொல்லிவிட்டுப் போனார்?

"போறேன்னு சொல்லிட்டுப் போனான்."

பேனா நின்றது. "என்ன சொன்னார்?"

"போறேன்னு சொன்னான். இனி வரமாட்டேன்னு சொன்னான். போயிட்டான்."

கிளார்க் அம்மா தட்டச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். கார்த்திகேய சிவம் பழைய பேப்பரைப் புரட்டினார். போன தடவை நீங்கள் வேறு மாதிரி சொன்னீர்களே என்றார்.

"அன்னைக்கு மரியாதைக்குச் சொன்னேன் சார். இன்னைக்கு உள்ளதைச் சொல்றேன்."

அவருக்கு முகத்தில் வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது! இவ்வளவு நாளாக இந்தப் பதிலுக்குத்தான் மனுஷன் காத்திருந்தார் போல. செபஸ்தியான் வாத்தியாரையும் நேற்றுக் கேட்டேன், எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார் என்றார். அவர் வாயிலிருந்து அந்த அளவு வந்ததே பெரிது என்று பெல்சி நினைத்துக்கொண்டாள். கார்த்திகேய சிவம் நிறுத்தி நிதானமாக எழுதினார். எழுதியதை அவளுக்குப் படித்தும் காட்டினார். 'கணவர் இனித் திரும்பி வருவதில்லை எனக் கூறிச் சென்றுவிட்டது விசாரணையில் உறுதியாகிறது. சான்று வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது.' பெல்சி கையெழுத்துப் போட்டாள்.

அவள் அதுவரை சொன்ன உண்மைகளில் ஒன்றுக்கும் அந்த ஆபீசில் மதிப்பு இருக்கவில்லை. பணம் வராதது உண்மை, வாரண்ட் திரும்பியது உண்மை, பிள்ளை சரிந்து விழுந்தது உண்மை. எதுவும் எடுபடவில்லை. வாழ்க்கையிலேயே துணிந்து சொன்ன ஒரு பொய்தான் உறுதியாகிறது என்று எழுதும் அளவுக்கு எடுபட்டது. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லப்போவதில்லை என்று அவள் அங்கேயே முடிவு செய்துவிட்டாள். சாமியாரிடம் சொல்ல வேண்டிய பாவம் வேறு யார் யாருடையதோ. அவர்கள் போய்ச் சொல்லட்டும்.

சான்று வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஜனனி அதைப் பிரின்ட் எடுத்து, காசு வாங்காமல் லேமினேஷனும் போட்டுக் கொடுத்தாள். சிவகங்கைக்கும் போய்ச் சேர்ந்தது. அனிதாவின் டப்பாவில் இப்போது ஸ்ட்ரிப் இருக்கிறது, இருக்கிறதா என்று பெல்சி தினமும் திறந்து பார்க்கிறாள். ஆனால் அன்றைக்கு அந்த மேசை முன்னால் இருந்து எழுந்தபோது நடந்ததுதான் அவள் மனதில் நிற்கிறது.

கார்த்திகேய சிவம் பேனாவை மூடிவிட்டு, வேலை நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில், இதுவரை இல்லாத கனிவோடு சொன்னார். "சரிம்மா, போயிட்டு வாங்க."

பெல்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவரை நேராகப் பார்த்தாள்.

"போறேன் சார்."

கிளார்க் அம்மா, ஐயோ, போயிட்டு வாரேன்னு சொல்லும்மா என்று பதறியது காதில் விழுந்தது. பெல்சி திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பிள்ளையிடம் போய்ச் சேர வேண்டும்.